பருப்புப் போட்ட பொங்கல்

சட்ட உதவி வக்கீல் என்றால் எங்கள் கரமனைத் தெருவில் இன்னும் ஒரு மாதிரியாகத்தான் பார்க்கிறார்கள். வக்கீல் வைக்க வசதியில்லாதவர்களுக்காக அரசாங்கச் சம்பளத்தில் வாதாடுகிறவள் நான். "கள்ளனுக்கும் குடிகாரனுக்குமா கோர்ட்ல நின்னு பேசறே, கொழந்தே?" என்று எதிர்வீட்டு மாமி கேட்பாள். "அவாளுக்கும் ஒருத்தி பேச வேண்டாமா மாமி?" என்பேன். கொஞ்சம் வெடுக்கென்றுதான் சொல்வேன். எனக்குப் பொறுமை போதாது என்று வீட்டிலும் சொல்வார்கள், கோர்ட்டிலும் சொல்வார்கள்.

அந்தப் பெண் என்னிடம் வந்தபோதும் முதலில் எரிச்சல்தான் பட்டேன். வித்துராவுக்கு மேலே மலையில், எஸ்டேட் தொழிலாளிகளின் லயத்தில் வீடு. அங்கன்வாடியில் ஹெல்பர் வேலை: குழந்தைகளுக்குக் கஞ்சி வைப்பது, ஊட்டுவது, துடைப்பது. ஆற்றுக்கால் பொங்காலையன்று ஒரு சங்கிலியைத் திருடினாள் என்று கேஸ். ஜாமீன் அப்போதே கிடைத்துவிட்டது. ஆனால் கேஸ் முடியும்வரை அங்கன்வாடிப் பக்கம் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். தண்டனை என்று ஆனால் பிறகு வரவே வேண்டாம்.

வந்து உட்கார்ந்ததும், "குத்தத்த ஒத்துக்கிறேன் வக்கீலம்மா" என்றாள்.

"எடுத்தியா?"

"இல்ல. எடுக்கல."

"அப்புறம் எதை ஒத்துக்கிறே?"

"ஒத்துக்கிட்டா ஃபைன் அடைச்சிட்டுப் போயிரலாம்னு ஸ்டேஷன்ல சொன்னாங்க. இல்லேன்னா வருஷக்கணக்கா மலையிறங்கி வரணுமாம்."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "ஒத்துக்கிட்டா நீ திருடின்னு கோர்ட்டே சொன்ன மாதிரி. அதுக்கப்புறம் யார் பிள்ளையை உன் மடியில விடுவா?" என்று கத்தினேன். அடுத்த மேஜை வக்கீல் திரும்பிப் பார்த்தார். அவள் அழவில்லை. "அப்ப நடத்துங்க" என்றாள்.

பொங்காலை நாளில் இந்த ஊரில் தெருவெல்லாம் அடுப்புதான். எங்கிருந்தெல்லாமோ பெண்கள் வந்து, செங்கல்லை வைத்து இடம் பிடித்து, ரோட்டோரத்திலேயே புதுப் பானையில் பொங்கி அம்மனுக்குப் படைப்பார்கள். பக்கத்து அடுப்புக்காரி யார் எவர் என்று தெரியாது. ஆனாலும் கொள்ளி கொடுப்பார்கள், பானையைப் பார்த்துக்கொள்வார்கள். நானும் வருஷா வருஷம் கண்ணெரியப் பொங்குகிறவள்தான். அன்று காலையில் ஒரு துணிக்கடைக்காரர்கள் வரிசையாக வந்து எல்லோருக்கும் சும்மா ஒரு சிவப்புப் பை கொடுத்தார்கள். பானையை அதில் வைத்துத்தான் பாதிப்பேர் வீட்டுக்குத் தூக்கிப் போனோம்.

அவளுக்குப் பக்கத்து அடுப்பு உள்ளூர் அம்மா ஒருத்தி. புகையும் வேர்வையும் தாங்காமல் சங்கிலியைக் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றிப் பைக்குள் போட்டிருக்கிறாள். படைத்து முடிந்ததும் ஆளுக்கொரு பையோடு கிளம்பிவிட்டார்கள். அந்த அம்மா வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் பானை இருக்கிறது, சங்கிலி இல்லை. பக்கத்தில் ஒரு தமிழ்க்காரி இருந்தாள் என்று போலீஸில் சொன்னாள். மலையாளம் பேசும் எங்கள் ஊரில் சங்கிலி காணாமல் போனால் தமிழ்க்காரியைத்தான் முதலில் தேடுவார்கள். நானும் தமிழ்க்காரிதான், கறுப்புக் கோட்டு போட்டிருப்பதால் யாருக்கும் தோன்றுவதில்லை. தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் வித்துரா பஸ்ஸுக்கு நின்றவளைப் பிடித்தார்கள். பையில் சங்கிலி இருந்தது. பிடித்து இழுத்ததில் பானை விழுந்து உடைந்தது. அதை யார் திரும்பிப் பார்த்தார்கள்?

"பை மாறிப்போயிருக்கும் வக்கீலம்மா. எல்லாம் ஒரே மாதிரிப் பை, ஒரே மாதிரிப் பானை. கரி பிடிச்சா எது யாருதுன்னு தெரியும்?"

சொல்லலாம். எப்படி நிரூபிப்பது? பானையும் போச்சு, பையும் போச்சு. விசாரணைக்கு முந்தின வாரம் அவளை வரவழைத்து, முதலிலிருந்து சொல்லு, என்ன அரிசி, என்ன விறகு, எல்லாம் சொல்லு என்றேன். அவளும் சலிக்காமல் சொன்னாள். பாசிப்பருப்பை வறுத்துப் போட்டேன் என்றபோது நிறுத்தச் சொன்னேன்.

"பருப்பா?"

"பருப்பு போடாம என்ன பொங்கல்? எங்க லயத்துல எல்லாரும் அப்படித்தான்."

இங்கே பக்கத்து அடுப்புகளில் பெரும்பாலும் அரிசி, வெல்லம், தேங்காய்ப்பூ போட்ட பாயசம்தான் இருக்கும். அந்த அம்மா வீட்டுக்குக் கொண்டுபோன பானையில் எது இருந்தது? இதை ஒருவரும் கேட்கவில்லை. கேட்க வேண்டியது குறுக்கு விசாரணையில்தான். பதில் தெரியாத கேள்வியைச் சாட்சியிடம் கேட்காதே; எங்கள் தொழிலில் முதல் பாடமே அது. "என் பாயசம்தான்" என்று அவள் சொல்லிவிட்டால் இவளுடைய வேலை போயிற்று. என் வாயாலேயே போக்கியதாக ஆகும். விசாரணை நாளும் வந்தது.

சாட்சிக் கூண்டில் ஏறிய அம்மா நல்ல மாதிரி. கேட்டதற்கு மட்டும் மலையாளத்தில் நிதானமாகப் பதில் சொன்னாள். பை எங்கே கிடைத்தது, எப்போது கிளம்பினீர்கள் என்று சுற்றி வளைத்துவிட்டு, மனதுக்குள் அம்மனைக் கூப்பிட்டுக்கொண்டு கேட்டேன்.

"பொங்காலைப் பாயசத்தில் என்னென்ன போட்டீர்கள்?"

"அரிசி, வெல்லம், தேங்காய், நெய், பழம்."

"பருப்பு?"

"இல்லை."

"வீட்டில் நீங்கள் சாப்பிட்டீர்களா?"

"எனக்குச் சுகர். கண்ணில் ஒற்றிக்கொண்டு எல்லோருக்கும் கொடுத்தேன்."

"சாப்பிட்டவர்கள் ஏதாவது சொன்னார்களா?"

அரசுத் தரப்பு வக்கீல் எழுந்து, பிரசாதத்துக்கும் கேஸுக்கும் என்ன சம்பந்தம் என்றார். மாஜிஸ்திரேட் அவரைக் கையமர்த்தினார். அந்த அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்து, மூடிக்கொண்டாள். அவள் முகம் மாறுவதை நான் பார்த்தேன். பொய் சொல்ல ஒரு நிமிஷம் போதும். தடுக்க யாராலும் முடியாது.

"மாமியார் கேட்டாங்க," என்றாள் மெதுவாக. "இந்த வருஷம் எதுக்குப் பருப்பு போட்டேன்னு கேட்டாங்க. எப்பவும்போலக் குற்றம் சொல்றாங்கன்னு நினைச்சு நான் காதிலேயே வாங்கல."

அவளே திரும்பி, குற்றவாளிக் கூண்டில் நின்றவளைப் பார்த்தாள். "அப்போ, என்டெ பாயசம்?"

"பஸ் ஸ்டாண்டுல ஒடஞ்சு போச்சுக்கா," என்றாள் இவள். கோர்ட்டில் பேசக்கூடாது என்று நான் சொல்லிக்கொடுத்ததெல்லாம் காற்றோடு போயிற்று. மாஜிஸ்திரேட் அதட்டவில்லை, பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

வெளியே வராந்தாவில் அந்த அம்மா வந்து இவள் கையைப் பிடித்துக்கொண்டாள். நானாக இருந்தால் நாலு கேள்வி கேட்டிருப்பேன். கேட்க வேண்டும் என்று எனக்கு வாய் துடித்தது. இவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"எல்லாரும் சாப்பிட்டீங்களா அக்கா?"

"எல்லாரும் சாப்பிட்டாங்க. மாமியார் ரெண்டாவதும் வாங்கிச் சாப்பிட்டாங்க."

அப்போதுதான் அழுதாள். வேலை நிலைக்க வேண்டும் என்று நேர்ந்து பொங்கிய பொங்கலாம். உடைந்தாலும் சரி, மாறிப்போய் யாரோ கொட்டியிருந்தாலும் சரி, ஒரு வாய் யாரும் சாப்பிடாமல் போயிற்றே, சாமிக்கே ஆகவில்லையே என்று இத்தனை நாளும் அதைத்தான் மனதில் வைத்துப் புழுங்கியிருக்கிறாள். திருட்டுப் பட்டத்தைவிட அது பெரிதாக இருந்திருக்கிறது. எனக்கும் கண் நிறைந்தது. கறுப்புக் கோட்டின் கையில் துடைத்துக்கொண்டேன்.

தீர்ப்பு விடுதலை என்று வந்தது. கேஸ் நடந்த காலமெல்லாம் அவள் என்னை நிம்மதியாக விட்டதில்லை. சாப்பிட உட்கார்ந்தால் ஃபோன், பஸ் ஏறினால் ஃபோன். விடுதலைக்குப் பிறகு ஒன்றையும் காணோம். மனம் கேட்காமல் ஒரு பகல் நானே கூப்பிட்டேன். எடுத்ததும் ஒரே பிள்ளைச் சத்தம். ஏதோ ஒரு பிள்ளை தட்டைத் தரையில் அடித்துக்கொண்டிருந்தது.

"பிள்ளைங்களுக்குக் கஞ்சி ஊத்துற நேரம் வக்கீலம்மா. அப்புறம் விளிக்கட்டா?" என்று பதிலுக்கும் காத்திராமல் வைத்துவிட்டாள்.

பாதிப் பேச்சில் ஃபோனை வைத்தால் எனக்குப் பொறுக்காது. அன்று மட்டும் பொறுத்தது.