காய்வது துணி, ஆறுவது புண்

மருத்துவமனையில் புண்களுக்குக் கட்டுப்போடும் அறையில் ஒரேயொரு மின்விசிறிதான் உண்டு. அதன் சுவிட்சை யார் தட்டினாலும், தட்டிய கை கீழே இறங்குமுன் நிறுத்திவிடுவார் அவ்வறையின் செவிலி. புண்ணைச் சற்றுக் காற்றாட வைக்கலாமென்று காலை நீட்டி அமர்ந்திருப்பவர்களுக்கு அது பொறுக்காது. அவர்கள் அவருக்கு வைத்த பெயர் ‘ஈரக்காரி’. முதுகுக்குப் பின்னால் தொடங்கிய அப்பெயர் நாளடைவில் முகத்துக்கு நேரே வந்துவிட்டது. அவரும் அதற்கு ‘என்ன?’ என்று கேட்கப் பழகிவிட்டார்.

பிறவியிலேயே பிடிவாதக்காரர் அல்லர் அவர். பதினோர் ஆண்டுகள், மற்றவர்களைப் போலவே, உலர்ந்த துணியை வைத்துக் கட்டி மறுநாள் அதைப் பிய்த்தெடுத்தவர்தாம். கொதிநீர் பட்ட முன்கையோடு வந்த சமையற்காரப் பெண் ஒருத்தி ஒரு நாள் பல்லைக் கடித்து வலியைப் பொறுத்தாள். பிறகு, துணியோடு ஒட்டி வந்த மெல்லிய படலத்தைக் காட்டி, “இது என் புதுத் தோலுதானே? நேத்து பூரா கஷ்டப்பட்டு வளந்திருக்கும்” என்றாள்.

அதன்பின் நூல்களைத் தேடிப் படித்தார். விடுப்பெடுத்துப் பயிற்சிக்குப் போனார். ஈரம் காக்கும் கட்டின்கீழ்ப் புதுத்தோல் தடையின்றி நகர்ந்து புண்ணை மூடும் என்றும், உலர்ந்த பொருக்கின்கீழ் வழி தெரியாமல் தடுமாறும் என்றும் அறிந்துகொண்டார். பிறகு யாருக்காகவும் பழைய வழிக்குத் திரும்பவில்லை. தலைமைச் செவிலி இருமுறை எழுத்தில் விளக்கம் கேட்டார். இருமுறையும் கேள்வியைவிட நீளமான விடை கிடைத்தது.

அந்நாளில்தான் தையற்காரர் வந்தார். கணுக்காலுக்கு மேலே உள்ளங்கையளவு புண். வயது இரண்டு ஆண்டு. மிதிக்கும் கால் அது. இன்னும் பெருகினால் இயந்திரத்தை மறந்துவிட வேண்டியதுதான் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். காலின் இரத்த ஓட்டத்தைச் சோதித்தபின், செவிலியின் முறைக்கு அவரே இசைவு தந்தார். பிசின்போன்ற தகடொன்றைப் புண்மேல் ஒட்டி, அதன்மேல் இறுக்கமான பட்டை சுற்றினார் செவிலி. ஒவ்வொரு வாரமும் கண்ணாடித்தாளைப் புண்மேல் வைத்து அதன் ஓரத்தை மையால் வரைந்துகொள்வார். தையற்காரருக்கு அது பிடித்துப்போயிற்று. “காகிதத்துல அளவு எடுக்குறது எங்க வேலை, சிஸ்டர்” என்பார்.

பிடிக்காதவர் அவருடைய மனைவியின் அண்ணன். தாம் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பவர். நான்காம் வாரம், தங்கையின் வீட்டுக்கு வந்தவர், காலின் கட்டு வீசிய வாடையைப் பொறுக்காமல், பிரிக்கக் கூடாத நாளில் பட்டையைப் பிரித்தார்; தகட்டைத் தூக்கினார். உள்ளே மஞ்சளாக, கூழாக என்னவோ வழிந்தது. சீழ் என்று முடிவுகட்டி, மாப்பிள்ளையை ஆட்டோவில் ஏற்றி, நேரே தலைமைச் செவிலியின் முன் கொண்டுபோய் நிறுத்தினார். பவுடர் போட்டு வெயிலில் காயவைக்கும் ஓரிடம் தமக்குத் தெரியுமென்றும், இன்றே கூட்டிப்போவதாகவும் சொன்னார். தலைமைச் செவிலி இருவரையும் அழைத்துக்கொண்டு கட்டறைக்கு வந்தார். முகத்தில் மூன்றாவது விளக்கக் கடிதம் எழுதியிருந்தது.

செவிலி வாதாடவில்லை. காய்ச்சல் பார்த்தார்; புண்ணைச் சுற்றிச் சூடோ புதுச் சிவப்போ உண்டா என்று புறங்கையால் தடவினார். இல்லை. தகடு புண்நீரை உறிஞ்சிக் கூழாவதும் வாடை வீசுவதும் இயல்பு என்று சொல்லிவிட்டு, உப்புநீரால் அதைக் கழுவினார். அடியில் புண், மாதுளை முத்துப்போல் சிவந்து மினுமினுத்தது.

“இன்னும் ஈரமாத்தானே இருக்கு? புண்ணுன்னா காயணும்மா” என்றார் அண்ணன்.

“காயறது துணி, அண்ணே. புண்ணு ஆறணும். ஆறிடுச்சான்னுதானே நாமளே கேக்குறோம்?”

“வார்த்தையை வச்சு வைத்தியம் பாக்குறீங்களா?”

“இல்ல, கண்ணை வச்சு. நீங்க புடிச்ச முயலுக்கு மூணு கால் போதும். உங்க மாப்பிள்ளைக்கு ரெண்டும் வேணும்.”

தலைமைச் செவிலி சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார். செவிலி புதிய கண்ணாடித்தாளில் ஓரத்தை வரைந்து, பழைய மூன்று தாள்களோடு தையற்காரரின் மடியில் வைத்தார். அவர் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். உள்ளங்கைக்குள் ஒரு வட்டம், அதற்குள் ஒரு வட்டம், அதற்குள் இன்னொன்று. கடைசியானது மூன்று விரலகலமே இருந்தது.

“ரெண்டு வருசமா காயவச்சதுல இது ஒரு நூலளவுகூடச் சுருங்கல, மச்சான். எனக்கு அளவு தெரியும். நான் இங்கேயே இருக்கேன்.”

அறையில் புழுக்கம். அண்ணன் வியர்வையைத் துடைத்தவாறு சுவிட்சின் பக்கம் கையைக் கொண்டுபோனார்.

“கையை எடுங்க, மச்சான்” என்றார் தையற்காரர்.

அதன்பின் அக்கட்டை வீட்டில் எவரும் தொடவில்லை. பதினான்காம் வாரத்துக் கண்ணாடித்தாளில் வரைய ஒன்றுமில்லை. உடன் வந்திருந்த அண்ணன் குனிந்து பார்த்தார்.

“காஞ்சிடு...” என்று தொடங்கியவர், செவிலியின் முகத்தைக் கண்டு, “சரிம்மா, ஆறிடுச்சு” என்றார். “இப்பவாவது ஃபேனைப் போடலாமா?”

செவிலி கதவைத் திறந்தார். வெளியே, கையில் துணி சுற்றிய இரும்புப் பட்டறைக்காரர் ஒருவர் காத்திருந்தார்.

“போடக் கூடாது. அடுத்தவர் வராரு.”