மூன்று வரி முத்திரை

அந்தக் கிளினிக்குக்குப் பெரிய டாக்டர் செவ்வாய்க்கிழமை மட்டும்தான் வருவார். மற்ற நாட்களில் நோயாளிகளைச் சோதிப்பதும், மருந்து எழுதுவதும், முடியாதவர்களை ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதும் சிஸ்டர்தான். இருபத்திரண்டு வயதில் வார்டில் படுக்கை விரிக்க வந்தவர். பிறகு நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பை முடித்து, தேர்வெழுதி, தன் கையெழுத்திலேயே மருந்து எழுத உரிமம் வாங்கினார். அதோடும் நிற்கவில்லை. நாற்பத்தாறு வயதில் முனைவர் படிப்பில் சேர்ந்து, சமையலறை மேஜையில் ஆறு வருடம் புத்தகங்களோடு மல்லுக்கட்டினார்.

பட்டம் கைக்கு வந்த அன்று, பஸ் ஓட்டும் அவருடைய கணவர் சீருடையைக்கூடக் கழற்றாமல் கைகட்டி நின்றார்.

"டாக்டரம்மா, காப்பி நான் போடட்டுங்களா? இல்ல, அதுக்கும் சீட்டு எழுதித் தருவீங்களா?"

"கிண்டல் போதும். உங்களுக்குச் சக்கரையைக் குறைச்சுப் போட்டுக்குங்க."

மறுநாளே புது ரப்பர் ஸ்டாம்ப் செய்யக் கொடுத்தார். மருந்துச் சீட்டின் அடிக்கட்டத்தில் மூன்று வரிகளுக்கு மேல் கொள்ளாது. பெயருக்கு ஒன்று, கிளினிக்குக்கு ஒன்று. மிச்சம் ஒரே வரி.

"உரிம நம்பரைப் போடவா, புதுப் பட்டத்தைப் போடவா மேடம்?" என்றார் கடைக்காரர்.

பெரிய படிப்புக்குள் சின்னது அடக்கம்தானே என்று தோன்றியது சிஸ்டருக்கு. "பட்டத்தைப் போடுங்க."

பழைய ஸ்டாம்ப் குப்பைக்கூடைக்குப் போனது.

வெள்ளிக்கிழமை மாலை புது ஸ்டாம்பை முதன்முதலாகத் தையல்காரரின் சீட்டில் குத்தினார். எழுபது தாண்டியவர், தனிக்கட்டை, பலவீனமான இதயம். கையிருப்பு மாத்திரை அன்றோடு தீர்ந்திருந்தது, கால்கள் வீங்கியிருந்தன. நீர் பிரியும் மாத்திரையைக் கூட்டி எழுதினார் சிஸ்டர்.

மருந்துக்கடையில் சீட்டு திரும்பி வந்தது. "பெரியவரே, இதுல படிப்பு இருக்கு, மருந்து எழுதற உரிமம் இல்லையே. மாத்தி வாங்கிட்டு வாங்க." தையல்காரர் மூச்சு வாங்கத் திரும்பி நடந்தபோது கிளினிக் பூட்டியிருந்தது. அடுத்த இரண்டு நாளும் விடுமுறை. திங்கட்கிழமை காலை பக்கத்து வீட்டார்தான் ஆம்புலன்ஸை அழைத்தார்கள்.

செவ்வாய்க்கிழமை, பக்கத்து வீட்டார் கொண்டுவந்து கொடுத்த சீட்டைப் பெரிய டாக்டர் புரட்டிப் பார்த்தார். "மருந்துக்கடைக்காரர் ஒரு போன் அடிச்சிருக்கலாம். ஸ்டாம்ப் சமாச்சாரம்தானே, விடுங்க சிஸ்டர்."

"அவர் விதிப்படி நடந்துக்கிட்டார் சார். நடக்காதது நான்தான்."

தவறு நேர்ந்தால் எழுத வேண்டிய அறிக்கையைத் தானே எழுதிக் கொடுத்தார். அன்று மாலை ஆஸ்பத்திரிக்குப் போனார். தையல்காரரின் மூக்கில் பிராணவாயுக் குழாய் இருந்தது. நடந்ததைச் சிஸ்டர் ஒளிக்காமல் சொன்னார்.

தையல்காரர் தலையணையில் சாய்ந்து நிமிர்ந்து உட்கார்ந்தார். "மூணு ராத்திரி உக்காந்தேதான் கெடந்தேன் சிஸ்டரம்மா. படுத்தா மூச்சு முட்டிச்சு."

பரவாயில்லை என்று அவர் சொல்லவில்லை. அப்படிச் சொல்வார் என்று எதிர்பார்க்கும் தைரியம் சிஸ்டருக்கும் இல்லை.

அன்றிரவு கணவரும் கேலி பேசவில்லை. "பட்டத்தை எடுத்துடப் போறியா?" என்று மட்டும் கேட்டார்.

"எதுக்கு? படிச்சது பொய்யா என்ன? எழுதின இடம்தான் தப்பு."

கட்டத்தைப் பெரிதாக்கச் சொல்லித் தலைமை அலுவலகத்துக்குக் கடிதம் போட்டார். பதில் வரும்வரை ஸ்டாம்ப் வேண்டாமென்று பேனாவை எடுத்தார். பெயர், அடுத்து உரிம எண், அதற்குப் பிறகுதான் பட்டம். கிளினிக்கின் பெயர் ஓரத்தில். ஒரு நாளைக்கு நாற்பது சீட்டு. மாலைக்குள் விரல்கள் மரத்துப்போகும்.

ஒன்பதாம் நாள் தையல்காரர் மெலிந்துபோய் வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தார். சிஸ்டர் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டார், காலை அழுத்திப் பார்த்தார், எழுதினார். தையல்காரர் சீட்டை வாங்கியதும் எழவில்லை. கண்ணாடியை எடுத்து மாட்டினார். அடிக்கட்டத்தில் விரல் வைத்து, ஒவ்வொரு வரியாக, உதடு அசையப் படித்தார்.

அவர் படித்து முடிக்கும்வரை சிஸ்டர் அடுத்தவரைக் கூப்பிடவில்லை.