பாதி மட்டும் வந்த தாய்மாமன்

கம்ப்யூட்டரில் எதையும் நான் படித்து அழுத்தியதில்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. அங்கே கற்ற ஆங்கிலம் இருபத்தாறு பெரிய எழுத்துகளோடு சரி. திரையில் ஒரு கட்டம் வந்து ஏதாவது கேட்டால் இடப்பக்கம் இருக்கும் பொத்தானை அழுத்துவேன். பிளக்ஸ் பேனர் டிசைன் செய்துகொண்டிருந்த நான்கைந்து வருடங்களில் அந்த இடப்பக்கம் என்னை ஏமாற்றியதே இல்லை.

மதுரையில் அப்போது காதுகுத்து, கல்யாணம், புதுவீடு எதுவானாலும் பேனர் உண்டு. பேனர் என்றால் முகங்கள். வைகைக்கு வடக்கே எங்கள் வீட்டு முன்னறையில் இரண்டு கம்ப்யூட்டர் வைத்திருந்தோம். ஒன்றில் நான் போட்டோக்களிலிருந்து முகங்களை வெட்டி எடுப்பேன். பத்தாவது வரை படித்த என் மனைவி இன்னொன்றில் பெயர்களை அடிப்பாள். இரண்டுக்கும் பொதுவாக, செங்கல் இரண்டை அடுக்கிய அளவில், நெட்வொர்க் வயர் சொருகிய ஒரு பெட்டி. அதற்குள் இரண்டு ஹார்ட் டிஸ்க். நாங்கள் எதைச் சேமித்தாலும் இரண்டிலும் பதியும், ஒன்று கெட்டாலும் மற்றது கைகொடுக்கும் என்று விற்றவர் சொல்லியிருந்தார்.

திருமங்கலத்துப் பக்கம் விவசாயம் பார்க்கிற ஒருவர், தன் இரண்டு பெண்பிள்ளைகளின் காதுகுத்துக்காக ஐம்பது போட்டோக்களை மஞ்சள் பையில் கொண்டுவந்தார். விழா வெள்ளிக்கிழமை.

"அண்ணே, ஆளு விட்டுப்போனாக்கூட சமாளிச்சிருவேன். வரிசை மாறுச்சு, ஊருக்குள்ள நடக்க முடியாது. மொத ஆளு என் மச்சினன். போன வருசம் வீட்டுத் திறப்புக்கு வேற இடத்துல போட்ட பேனர்ல அவன மூணாவது வரிசையில, கொத்தனாருக்குப் பக்கத்துல வச்சுட்டாய்ங்க. அன்னைக்குப் போனவன்தான். இப்பத்தான் அவன் அக்கா போய் அழுது, போட்டோ குடுக்குற அளவுக்கு எறங்கி வந்துருக்கான்."

பிள்ளைகள் தாய்மாமன் மடியில் உட்கார்ந்துதான் காது குத்திக்கொள்ள வேண்டும். அவர் வராவிட்டால் மண்டபம், கறிச்சோறு எல்லாம் வீண். மாமன் கொடுத்தது லைசென்ஸுக்கு எடுத்த போட்டோ. மிச்சம் இருந்தது அது ஒன்றுதான் என்பதால் உடனே திருப்பித் தர வேண்டும் என்று நிபந்தனை வேறு. ஐம்பதையும் ஸ்கேன் செய்துகொண்டு அன்றைக்கே கொடுத்துவிட்டேன்.

புதன்கிழமை காலையில் பிரஸ்ஸுக்கு அனுப்ப வேண்டும். திங்கட்கிழமை பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. இரண்டு கம்ப்யூட்டருக்கும் பெட்டி தெரியவில்லை. மேல் டிஸ்கிலிருந்து டக் டக்கென்று சத்தம் வந்தது. சரி, அதுதான் கெட்டது என்று கீழ் டிஸ்கைக் கழற்றி என் கம்ப்யூட்டரில் மாட்டினேன். திரையில் ஒரு கட்டம் வந்தது. ஏதோ கேட்டது. இடப்பக்கம் அழுத்தினேன். இன்னொரு கட்டம் வந்தது. அதிலும் இடப்பக்கம். பச்சைக் கோடு ஒன்று விறுவிறுவென்று ஓடியது. எவ்வளவு வேகமாகத் திறக்கிறது என்று சந்தோஷப்பட்டேன்.

திறந்தபோது உள்ளே ஒன்றுமே இல்லை.

மனைவி எட்டிப் பார்த்தாள். "என்ன கேட்டுச்சு?"

"ஏதோ கேட்டுச்சு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சரின்னேன்."

"யாரு என்ன கேட்டாலும் சரி. மெஷின் கேட்டாக்கூடச் சரி. ஒருக்க என்னைக் கூப்பிட்டா வாய் தேஞ்சிருமா?"

இரண்டு டிஸ்கையும் துண்டில் சுற்றிக்கொண்டு கோரிப்பாளையத்துக்குப் போனேன். தர்கா பக்கத்துச் சந்தில், மாடியில் பழைய கம்ப்யூட்டர் பழுது பார்க்கிற பாய் ஒருவர் இருந்தார். எனக்குப் புது ஆளிடம் பேச்சு வராது. வாசலில் நின்றுகொண்டே இருந்தேன். அவராகத்தான் துண்டை வாங்கிப் பிரித்தார். கெட்ட டிஸ்கை மாட்டிக் காதை வைத்துக் கேட்டார்.

"இவரு மௌத்து ஆயிட்டாரு, உசுரு இல்ல." அடுத்ததை மாட்டிக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இவரு நல்லாத்தான இருந்துருக்காரு. என்ன பண்ணுனீங்க?"

சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அண்ணே, இது பெட்டியில இருந்த டிஸ்கு. உங்க கம்ப்யூட்டருக்கு இவரு பாஷை தெரியாது. தெரியாததால, அழிச்சுப் புதுசாக்கவான்னு கேட்டுருக்கு. நீங்களும் ஜோரா ஆக்கிக்கன்னு சொல்லிட்டீங்க."

"அம்புட்டும் போச்சா?"

"போகல. வீடெல்லாம் அப்படியே இருக்கு, கதவு நம்பர மட்டும் அழிச்சிருக்கீங்க. உள்ள இருக்க ஆளுகள ஒவ்வொருத்தரா வெளிய கூட்டியாந்துரலாம். ஆனா யாரு எவருன்னு பேரு கிடைக்காது. புதுசா எழுதுன எடத்துல எவராச்சும் இருந்தா, அவரு பாதியாத்தான் வருவாரு."

ஒரு ராத்திரியும் மறுநாள் பாதியும் ஆகும் என்றார். வேறொரு டிஸ்கில்தான் எடுத்து வைக்க வேண்டும் என்று என்னைப் புதிது வாங்கி வரச் சொன்னார். தினம் இரண்டு மணி நேரம் கரண்ட் போகும் காலம் அது. தன் வீட்டு இன்வெர்ட்டர் வயரை ஜன்னல் வழியாக இழுத்து மாட்டினார். நான் கிளம்பும்போது, "இனிமே எந்த டிஸ்க மாட்டுனாலும் கையக் கட்டிக்கிட்டு உக்காருங்க" என்றார்.

செவ்வாய் மதியம் புது டிஸ்கோடு வீட்டுக்கு வந்து திறந்தோம். மனைவி முந்திக்கொண்டு மவுஸைப் பிடித்துக்கொண்டாள். நான்கைந்து வருடத்து மதுரை முழுக்க உள்ளே இருந்தது. மணப்பெண்கள், மொட்டைத் தலைக் குழந்தைகள், கும்பிட்டபடி நிற்கும் கவுன்சிலர்கள். எல்லாருக்கும் பெயருக்குப் பதில் நம்பர். திருமங்கலத்துக்காரரின் ஐம்பது பேர் இந்தக் கூட்டத்தில் எங்கேயோ கலந்துகிடந்தார்கள்.

"அவருக்குப் போன் போடு" என்றேன் மனைவியிடம்.

"நீங்க அழுத்துனதுக்கு நான் பேசவா?"

நானே போட்டேன். கொஞ்சம் வாங்க என்பதற்கு மேல் சொல்ல வரவில்லை. அவர் பஸ் பிடித்து வந்து, நடந்ததைக் கேட்டுவிட்டு நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"வேற போட்டோ இருக்குமா?" என்று மனைவி கேட்டாள்.

"எங்க கல்யாண ஆல்பத்துல டவுசர் போட்டு நிக்கிறான். அதையா போடுறது? திரும்பப் போயிக் கேட்டா, அம்பது பேருல என் மூஞ்சிதான் தொலைஞ்சுச்சாம்பான். சீரு செனத்தியோட வர வேண்டியவன் வீட்டுக் கதவச் சாத்திக்குவான்."

முகங்களை ஒவ்வொன்றாக ஓட்டினோம். "இவரு எங்க சித்தப்பா. இவன் பெரியவர் மகன். இது யாரு, எங்க ஊரு போஸ்ட்மேன்ல, இவருக்கு எதுக்கு மாலை?" என்று சொல்லிக்கொண்டே வந்தார். சொல்லச் சொல்ல மனைவி பெயர் அடித்தாள். அவருடைய ஆட்களில் ஒவ்வொருவர் கிடைக்கும்போதும் அவர் நாற்காலி கொஞ்சம் முன்னால் நகர்ந்தது. பொழுது சாயும்போது நாற்பத்தொன்பது பேர் வந்துவிட்டார்கள்.

கடைசியில் அவர் விரல் திரையைத் தொட்டது. "இவன்தான். மொறைக்கிறதப் பாருங்க."

நெற்றி இருந்தது. புருவம், கண்கள், பாதி மூக்கு இருந்தன. அதற்குக் கீழே சிமெண்ட் பூசியது போல வெறும் சாம்பல் நிறம்.

மனைவி தன் திரையில் இருந்த இன்னொரு படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது பிள்ளைகளின் தாய், மாமனுக்கு அக்கா.

"ஏங்க, ரெண்டு பேரும் ஒரே அச்சு. கண்ணும் நெத்தியும் அப்படியே இருக்கு. மூக்குக்குக் கீழ இந்த அக்காவோடத வச்சா என்ன?"

"எம் பொண்டாட்டி வாயையா?" என்றார் அவர். "அது பேனர்ல இருந்தே பேசுமேம்மா."

"மீசை வேணுமே" என்றேன் நான்.

மனைவி அவரைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அவர் கை தானாக மீசைக்குப் போனது.

"என் மீசைய அவன் மூஞ்சியிலயா? தெரிஞ்சா வெட்டுக்குத்தாயிரும்." கொஞ்ச நேரம் மோட்டுவளையைப் பார்த்தார். "சரி, நுனிய மட்டும் சின்னதாக்கிருங்க. எனக்கு இருக்குறது அவனுக்கு வேணாம்."

அக்காவின் வாயையும் தாடையையும் எடுத்து நிறத்தைச் சரிசெய்து, தாடையைக் கொஞ்சம் அகலமாக்கி, மீசையை ஒட்டவைத்தேன். புதன்கிழமை காலையில் பேனர் பிரஸ்ஸுக்குப் போய்விட்டது. பிரஸ்ஸில் பத்தடிக்கு விரிந்தபோதுதான் ஒன்று கண்ணில் பட்டது. அக்கா போட்டோவில் வாய் மூடிச் சிரித்திருந்தார். அந்தச் சிரிப்பு அப்படியே மாமன் முகத்தில் இருந்தது.

விசேஷங்களுக்கு நான் போவதில்லை. கூட்டம் என்றால் எனக்குக் கூச்சம். இதற்கு மட்டும் போனேன். வெள்ளிக்கிழமை காலை, மண்டப வாசலில் வாழைமரத்துக்குப் பின்னால் நின்றுகொண்டேன். கொட்டு முழங்க மாமன் சீர்த்தட்டுகளோடு வந்தார். பேனருக்கு எதிரே வந்ததும் நின்றார். பின்னால் வந்தவர்களும் நின்றார்கள். கொட்டும் நின்றது.

"மச்சான், இது எந்த போட்டோ?"

"நீ குடுத்ததுதான் மாப்ள."

"லைசென்ஸுக்கு எவனாச்சும் சிரிச்சுக்கிட்டு நிப்பானா?"

திருமங்கலத்துக்காரர் திருதிருவென்று சுற்றிலும் பார்த்தார். என்னைக் கண்டதும் கை நீட்டினார். "செஞ்சவரு அந்தா நிக்கிறாரு."

மாமன் நேராக என்னிடம் வந்தார். "அண்ணே, இந்தச் சிரிப்பு எங்கிருந்து வந்துச்சு?"

தலையாட்டித் தப்பிக்க முடியாத கேள்வி. பொய் சொல்லவும் வரவில்லை. "உங்க போட்டோ பாதி அழிஞ்சுபோச்சு. தப்பு என்னுது. கீழ்ப் பாதி உங்க அக்காவோடது" என்றேன்.

அவர் திரும்பிப் பேனரில் அக்காவைப் பார்த்தார். பிறகு வாசலில் ஆரத்தித் தட்டோடு, என்ன ஆகுமோ என்று நின்ற அக்காவைப் பார்த்தார்.

"ஏக்கா," என்றார் சத்தமாக, "ஒரு வருசமா ஓன் மூஞ்சியில முழிக்கக் கூடாதுன்னு இருந்தேன். இப்ப என் மூஞ்சியிலயே கொண்டாந்து வச்சுட்டாய்ங்க."

அக்காவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. தட்டு ஆடியது. மாமன் போய்த் தட்டைப் பிடித்துக்கொண்டார். கொட்டு மறுபடி முழங்கியது.

பிள்ளைகள் இருவரும் அவர் மடியில் உட்கார்ந்து ஊரே கேட்கும்படி அழுதார்கள். பிறகு பந்தியில் மாமன் என் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். அந்தப் படத்தில் தனக்கு ஒன்று போட்டுத் தரச் சொன்னார், வீட்டில் மாட்டவாம். எங்களுக்குக் கறி ஊற்ற வந்த திருமங்கலத்துக்காரர் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு, மீசை துடிக்க, அதையும் சொல்லிவிடுவேனோ என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். மாமன் மீசையைப் பற்றிக் கேட்கவில்லை. நானும் இலையிலிருந்து தலையைத் தூக்காமல் சாப்பிட்டு முடித்தேன்.