பஸாலும் நாற்பத்தெட்டு வோல்ட் பற்றறியும்

"மீராமுகைதீன் ஹாஜியார்ர புது வாகனத்துர எஞ்சின பஸால் சாகடிச்சிட்டானாம்."

தோஹாவில் எங்கள் வேலையிடத்து மதியச் சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போது மருதமுனை ஜுனைட் இதைச் சொன்னார். அவருக்குச் சொன்னது அவருடைய தம்பி. தம்பிக்கு யார் சொன்னதென்று ஜுனைட்டுக்குத் தெரியாது.

"அந்த மைல்ட் ஹைபிரிட் எண்டுற சாமான் நம்மட பக்கத்துக்குச் சரிவராதாம். ஒருக்காக் கை வெச்சா முடிஞ்சுதாம். முழு எஞ்சினையும் தூக்கி எறியணுமாம்."

"ஆரு கண்ட?"

"ஆரும் காணல்ல. ஆனா எல்லாருக்கும் தெரியும்."

மீராமுகைதீன் என் மூத்த சகோதரி ஸகியா ராத்தாவின் கணவர். கல்முனையில் அரிசி ஆலை வைத்திருக்கிறார். பஸால் என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவன். இது போதாதென்று, அந்த வாகனத்தை மச்சான் வாங்கியதே என் பேச்சைக் கேட்டுத்தான்.

இலங்கையில் நிறுத்தி வைத்திருந்த வாகன இறக்குமதி திரும்பத் திறந்த வருடம் அது. பெரிய ஐரோப்பிய ஜீப் ஒன்றைப் பார்த்துவிட்டு மச்சான் என்னிடம் விபரம் கேட்டார். நான் நானூற்றுப் பன்னிரண்டு பக்க இங்கிலிஷ் கைநூலைப் படித்து, பதினொரு பக்கத்தில் தமிழில் எழுதி அனுப்பினேன். இரண்டு லீற்றர் பெற்றோல் எஞ்சின், நாலு சிலிண்டர், டர்போ. முழு ஹைபிரிட் அல்ல. கரண்டில் மட்டும் ஓடாது, செருகிச் சார்ஜ் செய்யவும் தேவையில்லை. வழக்கமான டைனமோ இருக்கும் இடத்தில் பெல்ட்டோடு ஒரு மோட்டார். பிரேக் பிடித்தால் அது மின்சாரம் எடுத்து நாற்பத்தெட்டு வோல்ட் லித்தியம் பற்றறியில் சேர்க்கும். ஏற்றத்தில் எஞ்சினுக்கு ஒரு தள்ளுக் கொடுக்கும். நிற்கும் இடத்தில் எஞ்சினை நிறுத்தி, காலை எடுத்ததும் சத்தமில்லாமல் திரும்ப எழுப்பும். சாதாரணப் பன்னிரண்டு வோல்ட் பற்றறிக்கும் அதிலிருந்துதான் தீனி போகும். அந்தத் தொடர்பு அறுந்தால், எஞ்சின் கல்லுப் போல இருந்தாலும் வாகனம் சின்னப் பற்றறியின் மிச்சத்தில்தான் ஓடும். அது தீர்ந்ததும் நின்றுவிடும்.

"நம்பலாமா?" என்று மச்சான் கேட்டார். நம்பலாம், முழு ஹைபிரிட்டை விடப் பழுதாக இதில் சாமான் குறைவு, பற்றறியை நீங்கள் திரும்பிப் பார்க்கவும் தேவையில்லை என்று சொன்னேன்.

பஸாலைத் தெரியாதவர்களுக்கு அவனைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பிறந்தது பாலமுனை. வாப்பா ஒலுவில் கரையில் படகு எஞ்சின் திருத்தியவர். உயர்தரப் பரீட்சைக்குப் பிறகு நான் பல்கலைக்கழகம் போனேன், அவன் ஷார்ஜா போனான். ஐரோப்பிய வாகனங்கள் திருத்தும் கராஜ் ஒன்றில் ஒன்பது வருடம். அவன் இங்கிலிஷ் முழுவதும் வயரிங் படங்களில் படித்தது. எந்த நிற வயர் எங்கே போய் எங்கே முடிகிறதென்று தூக்கத்திலும் வாசிப்பான். இங்கிலிஷில் வந்த கலியாணக் கார்ட்டைக் கொடுத்தால் தடுமாறுவான்.

சாய்ந்தமருதில் ஜெனூபாவைக் கலியாணம் முடித்தான். எங்கள் வழக்கப்படி பெண் வீட்டுக்குக் குடியேறி, அவளுடைய வளவின் முன்பக்கத்தில் கராஜ் போட்டான். பலகையில் 'ஜெனூபா ஓட்டோ இலக்ட்றிக்கல்' என்றுதான் இருக்கிறது. "வளவு அவட. பேரும் அவட. நான் வேலைக்காரன்" என்பான்.

அவனிடம் ஒரு பழக்கம். வாகனம் வந்த உடனே பொனட்டைத் திறக்க மாட்டான். உரிமையாளரை இருத்தி, தேத்தண்ணி கொடுத்து, போன கிழமை முழுவதையும் சொல்ல வைப்பான்.

"வாகனம் என்ன செஞ்செண்டு பொறகு சொல்லுங்க. நீங்க என்ன செஞ்சீங்க?"

மருதமுனைச் சாரன் துணி வியாபாரி ஒருவரின் ஹைபிரிட் கார் ஓயாமல் எச்சரிக்கை விளக்குப் போட்டது. கொழும்பில் பற்றறியை மாற்றச் சொன்னார்கள். பஸால் அவரிடம், சாரன் கட்டுகளை எங்கே வைக்கிறீர்கள் என்று மட்டும் கேட்டான். பின் சீற்றில். அந்தச் சீற்றின் ஓரத்தில்தான் பற்றறிக்குக் காற்றுப் போகும் துவாரம் இருந்தது. "சாரனுக்கு வேர்க்காது, பற்றறிக்கு வேர்க்கும். கட்டெல்லாத்தையும் டிக்கியில போடுங்க" என்று அனுப்பிவிட்டான்.

இப்படிப்பட்டவன் எஞ்சினைச் சாகடித்தானா? அன்று பின்நேரம் அவனுக்கு அழைத்தேன். எடுத்தது ஜெனூபா.

"அவர் குசினிக்குள்ள இரிக்கார் காக்கா. கராஜில வேற வேலையில்ல. என்ட கிரைண்டர நாலு துண்டாக் கழட்டிப் போட்டிரிக்கார். நல்லா ஓடின கிரைண்டர்!"

சிரித்தாள். பிறகு நடந்ததைச் சொன்னாள்.

மச்சான் வாகனத்தை ஒயில் மாற்றப் பஸாலிடம் விட்டிருக்கிறார். பத்து நாள் கழித்து, கொழும்பு மாப்பிள்ளையைக் கலியாணம் முடித்து அங்கே இருக்கும் மகளைப் பார்க்க ராத்தாவோடு போயிருக்கிறார். ஒரு கிழமை கழித்துத் திரும்பி வரும்போது மகா ஓயாவுக்குக் கிட்ட விளக்கெல்லாம் எரிந்து, ஸ்டியரிங் இறுகி, வாகனம் நின்றுவிட்டது. லொறியில் ஏற்றிக்கொண்டு நேரே கராஜுக்கு வந்தார். வாசலில் ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள்.

"இவன் கை வெச்சதுக்குப் பொறகுதான் இந்த அநியாயம்!"

"இரிங்க ஹாஜியார். தேத்தண்ணி குடிங்க."

"எனக்கு உன்ட தேத்தண்ணி தேவல்ல. எஞ்சினுக்கு என்ன செஞ்ச?"

பஸால் பின்கதவைத் திறந்து, டிக்கியின் கார்பெட்டை ஒரு மூலையில் தூக்கினான்.

"இதுக்குள்ள என்ன கொண்டு போனீங்க?"

"என்னத்தக் கொண்டு போற? உடுப்புப் பேக்."

"வேறொண்டும் இல்லயா?"

"நான் என்ன மீன் யாவாரியா?"

மீனைப் பற்றி யாரும் கேட்கவில்லை. பஸால் அவர் முகத்தை ஒரு தரம் பார்த்தான். கார்பெட்டைத் திரும்ப விரித்து, கையால் தடவி நேராக்கினான்.

"சரி ஹாஜியார். ரெண்டு கிழம தாங்க."

ஜெனூபாவோடு பேசிய மறுநாள் பஸால் எனக்கு ஒரு படம் அனுப்பினான். நாற்பத்தெட்டு வோல்ட் பற்றறியின் வயர் பொருந்தும் பிளக். பச்சை பூத்து, ஓரமெல்லாம் உப்பு வெள்ளை. இந்த இலக்கச் சாமான் தோஹாவில் கிடைக்குமா என்று கேட்டிருந்தான். படத்தைப் பெரிதாக்கினேன். பிளக்கின் பக்கத்தில் மினுங்கிக்கொண்டு வட்டமாக ஒன்று ஒட்டியிருந்தது.

"டேய், இது செதிலா?"

"நீ பாட் நம்பர மட்டும் பாரு."

"பஸால்!"

"பற்றறி நல்லம். மூடி இறுக்கம், உள்ளுக்கு ஒரு சொட்டும் போகல்ல. பிளக்தான் அழுகிட்டு. எஞ்சினுக்கு ஒரு தும்மலும் இல்ல. சாமான அனுப்பு."

ராத்தாவுக்கு எடுத்தேன்.

"ராத்தா, கொழும்புக்கு மீன் கொண்டு போனீங்களா?"

"அல்லாஹ்! ஆரு சொன்ன?"

"செதில் சொன்ன."

ராத்தா வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பது கேட்டது. "சம்பந்தி வீட்டுக்கு வெறுங்கையோட போற எப்பிடிடா? ஒலுவில்ல ரெண்டு பெரிய பாரை. மீன் வைக்கிற றெஜிபோம் பெட்டியில ஐஸ் போட்டு உன்ட மச்சான்தான் தன்ட கையால அடுக்கின. இந்த வாகனத்துக்குள்ள ஒரு வடையும் ஏறப்படாதெண்டு புள்ளையளுக்குச் சட்டம் போட்ட மனிசன்! கண்டியில திறந்து பாத்தா பெட்டிர மூல வெடிச்சி, ஐஸ் தண்ணி பாதி இல்ல. துவாயால துடைச்சிப் போட்டு, ஒருத்தருக்கும் சொல்லிராத புள்ள எண்டார்."

அன்றிரவு கைநூலைத் திரும்ப எடுத்தேன். இருநூற்று எண்பத்தாறாம் பக்கம்: பின்தளத்தின் கீழே பற்றறி உண்டு, கசியக்கூடிய திரவம் எதையும் அங்கே கொண்டு செல்ல வேண்டாம். படித்ததும், தமிழாக்காமல் விட்டதும் ஞாபகம் வந்தது. இவ்வளவு பெரிய வாகனத்தின் டிக்கியில் யார் தண்ணீர் ஊற்றப் போகிறார்கள் என்று நினைத்திருந்தேன். எங்கள் கரையிலிருந்து சம்பந்தி வீட்டுக்கு என்ன போகும் என்று தெரியாதவனா நான்?

பிளக்கை வாங்கி, ஊருக்குப் போன ஒருவரிடம் கொடுத்தனுப்பினேன். பஸால் பூட்டினான். டிக்கிக்கு அளவாக ஒரு றப்பர் விரிப்பும் வெட்டிப் போட்டான். வாகனம் இப்போது பிசகில்லாமல் ஓடுகிறது. ஆனால் கதை நிற்கவில்லை. "தோஹாவால சாமான் வந்துதான் தப்பிச்ச" என்று ஆலையில் மச்சானே சொல்லியிருக்கிறார். பஸாலிடம் வரவிருந்த மூன்று வாகனங்கள் மட்டக்களப்புக்குப் போய்விட்டன. பிறகு ஷார்ஜாவின் பழைய முதலாளி அவனைத் திரும்பக் கூப்பிட்டிருக்கிறார். வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டுமாம். கராஜுக்கு ஆள் வராவிட்டால் போவதைத் தவிர அவனுக்கு வழியில்லை.

"அந்தப் படத்த ஊர் குறூப்பில போடு. ஒரு நிமிசத்துல முடிஞ்சிரும்" என்றேன்.

"போட்டா மீன் கதைதான் ஓடும். நம்மட ஆக்களத் தெரியாதா? கொழும்புக்கும் போகும். ஹாஜியார்ர புள்ள இப்பதான் கலியாணம் முடிச்ச. சம்பந்தி வீட்டார் ஆசையாத் திண்ட மீன். அதால வாகனம் கெட்டுப்போன எண்டு அவங்கட காதுல விழணுமா?"

"அப்ப உன்ட பேரு?"

"ஹாஜியார் கெட்ட மனிசன் இல்லடா. வார்த்த வாயால வந்துட்டு, திருப்பி எடுக்க வழி தெரியல்ல."

"நீ ஷார்ஜாக்குப் போனா ஜெனூபா?"

"கிரைண்டர் சத்தமில்லாம ஓடுது இப்ப" என்றான்.

இன்று வியாழன். காலையில் மச்சானுக்கு ஒரு செய்தி எழுதினேன். மீனைப் பற்றி ஒரு சொல்லும் அதில் இல்லை.

"மச்சான், பிழை என்னுடையது. பற்றறி டிக்கிக்குக் கீழே இருக்கிறது, ஈரம் படக்கூடாது என்ற பக்கத்தை நான் தமிழில் எழுதித் தரவில்லை. ஆலைக்கு வருகிறவர்களிடம் அப்படியே சொல்லுங்கள். என் மச்சினன் விட்ட பிழை, எஞ்சினில் பழுது இல்லை, பஸால்தான் கண்டுபிடித்துத் திருத்தினான் என்று நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாளை ஜும்ஆவுக்கு முதல் சொல்லுங்கள்."

செய்தியைப் பார்த்துவிட்டார். நீலக் கோடு இரண்டும் விழுந்து நாலு மணித்தியாலம். பதில் இல்லை. பஸாலுக்கு இதைச் சொல்லவில்லை, சொன்னால் கோபிப்பான். ராத்தாவுக்கு எடுத்தேன். "பகல் சாப்பிட வந்த நேரம் ஃபோனக் கையில வெச்சிக்கிட்டுத்தான் இருந்தார்டா. திரும்பத் திரும்ப வாசிச்சார். நான் கேட்டா, ஒண்டுமில்ல எண்டார்" என்றார்.

ஊரில் இப்போது அஸர் தொழுகை முடிந்திருக்கும். ஆலை மெசின்களை நிறுத்திவிட்டு மச்சான் கந்தோர் அறைக்குள் தனியாக இருக்கும் நேரம். வேலையிடத்துப் படிக்கட்டில் வந்து நின்றுகொண்டு அவருடைய இலக்கத்தை அழுத்தினேன். ஆறாவது மணி. ஏழாவது. துண்டிக்கவும் இல்லை, எடுக்கவும் இல்லை. மணி போய்க்கொண்டிருக்கிறது.