கறுப்பைத் தேடிய கண்

எக்ஸ்ரே அறையில் இருபது வருடமாக வேலை செய்கிறவள் நான். சொந்தக்காரரின் தொல்லையை நினைத்தால் சுவரில் தலையை முட்டிக்கொள்ளலாம் போலிருக்கும். டொக்டர் எழுதிக் கொடுக்கும் துண்டும் இல்லாமல், வரிசையிலும் நிற்காமல், பகல் சாப்பாட்டு நேரம் பார்த்துக் கதவைத் தட்டுவார்கள். கண்டக்குழியிலிருந்து அக்காவும் அப்படித்தான் வந்தாள்.

"கவட்டுக்குள்ள நோவுதடி. நடந்தாத்தான் நோவு, படுத்தா ஒண்ணும் இல்ல. ஒரு படம் எடுத்துப் பாரு. மகன் கடல்ல தப்பி வந்ததுக்கு மாதாவுக்கு நேர்த்தி இருக்கு. கோயில் வாசல்ல இருந்து பீடம் வரைக்கும் முழங்கால்ல போகணும்."

"இந்த வயசுல முழங்கால்லயா? உனக்கென்ன பைத்தியமா?" என்று ஏசிக்கொண்டே எடுத்தேன்.

மூச்சு முட்டுக்காக வருடக்கணக்கில் ஸ்டீராய்ட் குளிசை விழுங்கியவள். எலும்பு இளைத்திருக்கும் என்பது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் பசி. உடைவென்றால் கறுப்பாய் ஒரு கோடு தெரியும். என் கண் அதைத்தான் தேடியது. இல்லை. "ஒண்ணும் இல்ல, போ" என்றேன். டொக்டரிடம் காட்டவில்லை. காட்டினால் துண்டு எங்கே என்று கேட்பார்.

திருவிழாவன்று, பாதித் தூரம் முழங்காலில் போன அக்கா கோயில் நடுவில் சரிந்தாள். தொடையெலும்பு கழுத்தோடு முறிந்துவிட்டது.

அன்று பின்னேரமே பழைய படத்தைத் திறந்தேன். எலும்பின் கழுத்தில், உள்ளோரத்தில், மங்கலாய் ஒரு வெள்ளைக் கோடு. இளைத்த எலும்பு அடிபடாமலே, நடையின் பாரத்திலேயே மெல்ல வெடிக்கும். வெடித்த இடத்தை அது ஒட்டப் பார்க்கும்போது அங்கே வெள்ளையாய்த்தான் தெரியும். நான் படித்துப் பாஸான பாடம். டொக்டர் பார்த்திருந்தால் எம்ஆர்ஐ எடுக்க அனுப்பியிருப்பார், காலை ஊன்றவே விட்டிருக்க மாட்டார். பாவி நான்.

சத்திரசிகிச்சை முடிந்து ஆஸ்பத்திரி வாட்டில் கிடந்தவளிடம் போனேன். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"பாதியில விழுந்திட்டன். மாதாவுக்கு என் மேல என்ன கோவமோ தெரியாது. மகனைக் கடலுக்குப் போக வேணாமென்டு சொல்லிட்டன்."

"அக்கா, நீ விழுந்து உடையல்ல. உடைஞ்சதாலதான் விழுந்த. அன்னைக்கே படத்தில இருந்தது. நான்தான் பாக்கல்ல."

அவள் கையை விடவில்லை.

"அப்ப மாதாவுக்குக் கோவம் இல்ல?"

"இல்ல அக்கா. பிழை என்னோடது."

நல்லா ஏசுவாள், ஏசட்டும் என்று நின்றேன். அவள் முகம் தெளிந்துவிட்டது.

"மகனுக்கு போன் எடுத்துத் தா. நாளைக்குக் கடலுக்குப் போகச் சொல்லணும்."