கருங்கடலின் மேல் விடிந்த காலை

போன வருஷம் சித்திரையில் ஒரு விடியற்காலை. சென்னையிலிருந்து லண்டனுக்கு என் முதல் விமானப் பயணம். நான் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் வேலை செய்கிறேன், வீடு பருத்திப்பட்டு. மனைவி நர்ஸ் வேலைக்காக லண்டனில் இருந்தாள். பிரசவத்துக்கு இன்னும் ஒரு மாதம் இருந்ததால், அவளுக்குத் துணையாக நிதானமாகத்தான் கிளம்பியிருந்தேன்.

விமானத்தில் உட்கார்ந்து போனை அணைக்கப்போகும் நேரத்தில் அவளிடமிருந்து செய்தி வந்தது. பனிக்குடம் உடைந்துவிட்டதாம், தோழி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறாளாம். ‘பயப்படாம வா’ என்று முடித்திருந்தாள். கதவைச் சாத்திவிட்டார்கள்.

எட்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல்; பதினோரு மணி நேரம். அதுவரை எந்தச் செய்தியும் வராது. எதிரே இருந்த சின்னத் திரையில் ஒரு விமானப் படம் வரைபடத்தின் மேல் நகர்ந்தது. சாப்பாடு வந்தும் தொடாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு விரற்கடை தூரம் போவதற்குள் ஒரு யுகம் ஆயிற்று.

பக்கத்து இருக்கைக்காரர் என் வயதுதான். பூந்தமல்லிக்காரர், லண்டனில் ஒரு ஓட்டலில் சமையல் வேலை. என்ன விஷயம் என்று கேட்டார். சொன்னேன். என் திரையை எட்டிப் பார்த்தார்.

“அண்ணாத்தே, நீ பாத்துகினே இருந்தா மட்டும் அது வேகமா பூடுமா? அங்க போயி நீ தூங்க முடியாது. இப்போ கண்ண மூடு. உனக்குப் பதிலா நான் பாத்துகினு கீறேன்” என்றார்.

ஏனோ, அந்த வார்த்தை போதுமாக இருந்தது. சன்னலில் காலை வெயில். நாங்கள் மேற்கே போகப் போக அந்தக் காலையும் முடியாமல் கூடவே வந்தது. மேகங்கள் இலவம்பஞ்சாகக் கிடந்தன. எப்போது தூங்கினேன் என்று தெரியாது. தூக்கத்தில் எங்கோ தண்ணீர்ச் சத்தம் கேட்டபடி இருந்தது.

விழித்தபோது ஐரோப்பாவின் மேல் பறந்துகொண்டிருந்தோம். அவர் கண்கள் சிவந்திருந்தன. படம் எதுவும் போடாமல், அந்த வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இறங்கியதும் போனை உயிர்ப்பித்தேன். பிறந்த நேரத்தோடு தோழியின் செய்தி காத்திருந்தது. பெண் குழந்தை. இருவரும் நலம். போனை அவரிடமே நீட்டினேன். பிறந்த நேரத்தைப் பார்த்தவர், திரையில் பார்த்த லண்டன் நேரத்தை நினைவில் ஓட்டிப் பார்த்தார்.

“அப்போ நாம கருங்கடலு மேல இருந்தோம். தண்ணியெல்லாம் தகதகன்னு இருந்துச்சு. உன்ன எழுப்பிக் காட்டலாமான்னுகூட நெனச்சேன். நல்லா தூங்கிகினு இருந்த, உட்டுட்டேன்.”

என் தோளைத் தட்டிவிட்டுக் கூட்டத்தில் போய்விட்டார். பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை.

நான் அப்பாவான நேரத்தில் கீழே கடல் மின்னியதை நான் பார்க்கவில்லை. முன்பின் தெரியாத ஒருவர் எனக்காக விழித்திருந்து பார்த்தார். மகள் வளர்ந்து தான் பிறந்த கதையைக் கேட்கும்போது, அவர் கண்ணால் பார்த்த அந்தக் கடலைத்தான் நான் அவளுக்குச் சொல்லப்போகிறேன்.