தம்பியை ‘நீங்கள்’ என்றேன்

என் தம்பிக்கு மூளையில் ரத்தக்கசிவு வந்த ஆறாம் நாள், அவன் மனைவி மருத்துவமனைக் கட்டிலருகே நின்று வீடியோ அழைப்பில் அவன் முகத்தைக் காட்டினாள். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது.

“தம்பி, அக்காடா. தெரியுதா?” என்றேன்.

என்னைப் பார்த்ததும் அவன் கண் நிறைந்தது. பிறகு பேசினான், நிறையப் பேசினான். ஒரு சொல்கூட எனக்குப் புரியவில்லை.

“என்னா லா பேசறான்? வாய் கொளறுதா?” என்றார் பக்கத்தில் இருந்த என் கணவர்.

வாய் குளறவில்லை. அவன் செக் மொழி பேசிக்கொண்டிருந்தான். “செக் மட்டும் இருக்கு. மத்தது எல்லாம் போச்சு,” என்று அந்த நாட்டுக்காரியான அவன் மனைவி தனக்குத் தெரிந்த நாலு வார்த்தை ஆங்கிலத்தில் சொன்னாள். சிலருக்கு இப்படி ஆவதுண்டாம். போனது திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்றாராம் டாக்டர்.

மலேசியாவில் கோலா கெத்தில் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் என்னோடு வளர்ந்தவன் அவன். தமிழ்ப்பள்ளியில் படித்தான், பசாரில் மலாயில் பேரம் பேசினான், ஆங்கிலத்தில் பேசி வேலை வாங்கிக்கொண்டு செக் நாட்டுக்குப் போனான். அங்கே போய் இருபது வருடம் பேசிய மொழி மட்டும் மிஞ்சி, அதற்கு முன்னால் இருந்த நாங்கள் எல்லாம் அழிந்துபோனோமா?

அப்போது எனக்கு ஐம்பத்து மூன்று வயது. சுங்கைப் பட்டாணியில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் கிராணி வேலை, நாளெல்லாம் ஆங்கிலக் கடிதம் தட்டுவேன்.

“அவனால நம்ம பாஷைக்கு வர முடியல. நான் அவன் பாஷைக்குப் போறேன்,” என்றேன் கணவரிடம்.

“இந்த வயசுலயா?” என்றார். ஆனால் மறுநாள் ஹெட்போன் வாங்கி வந்தவரும் அவர்தான்.

ஆங்கிலம் தெரிந்தவர்களுக்கு இணையத்தில் செக் கற்றுத்தரும் ஒரு பெண் கிடைத்தாள். என் மகள் வயதுதான் இருக்கும். முதல் பாடத்திலேயே கழுத்துக்கு ‘க்ர்க்’ என்றாள், ஓநாய்க்கு ‘வ்ல்க்’. உயிரெழுத்தே இல்லாமல் எப்படி வாயைத் திறப்பது? அடுத்த வாரம் உறவுமுறை. அம்மாவுக்கு ‘மாமா’வாம், அப்பாவுக்குத் ‘தாத்தா’வாம். கேலி செய்கிறாள் என்றுதான் நினைத்தேன். எங்கள் வீட்டில் அந்த இரண்டு சொல்லும் யார் யாரைக் குறிக்கும் என்று நான் சொன்னதும் அவளும் ஆடிப்போய்விட்டாள்.

ஆறு வாரம் ஆனது. ஒரு வாக்கியத்தைத் தாளில் எழுதிக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டி, குழம்பு கொதிக்கும்போதெல்லாம் சொல்லிப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு அழைத்தேன். தம்பியின் முகம் வந்ததும், “டோப்ரீ டென். யாக் ஸே மாத்தே?” என்றேன். வணக்கம், எப்படி இருக்கிறாய் என்று நலம் விசாரித்ததாக என் நினைப்பு.

அவன் முகம் சுருங்கிவிட்டது. “ப்ரோச் மி விக்காஷ்?” என்றான். திரும்பவும் அதையே சொன்னான். பிறகு சுவர்ப்பக்கம் தலையைத் திருப்பிக்கொண்டான். அவன் மனைவி என்னவோ சொல்லிக்கொண்டே அழைப்பைத் துண்டித்தாள்.

நீ யார் என்று கேட்டிருக்கிறான், என்னையும் மறந்துவிட்டான் என்றே முடிவு செய்தேன். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. செவ்வாய்க்கிழமை வகுப்பில் அந்தச் சொற்களைக் காதில் விழுந்தபடி ஆசிரியையிடம் சொன்னேன்.

“நீங்க அவர்கிட்ட என்ன சொன்னீங்க?” என்றாள். சொன்னேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“ஐயோ, அது கடைக்காரர்கிட்ட, டாக்டர்கிட்ட, தெரியாதவங்ககிட்ட பேசறது. சொந்தத் தம்பிகிட்ட அப்படிப் பேசினா, உறவை வெட்டிட்டீங்கன்னு அர்த்தம். ‘எதுக்கு என்னை நீங்கன்னு கூப்பிடற?’ன்னுதான் அவர் கேட்டிருக்கார்.”

நீ, நீங்கள்! பேச்சு வந்த நாளிலிருந்து தெரிந்த வித்தியாசம். ஆங்கிலத்தில் எல்லாருக்கும் ஒரே ‘யூ’தான். அந்த வழியாகவே படித்ததில் கேட்கவேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. ஒரு கை அசையாமல் படுத்துக்கிடந்த தம்பியை, ‘சார், நலமா?’ என்று கேட்டிருக்கிறேன்.

ஞாயிறு வரை பொறுக்கவில்லை. வகுப்பு முடிந்த கையோடு அழைத்தேன். “ஆஹோய்! யாக் ஸே மாஷ்?” என்றேன். எப்படிடா இருக்க?

தலை மெதுவாகத் திரும்பியது. பாதி வாயால் சிரித்தான். நலம் என்பதற்கு அவர்கள் சொல்லும் சொல்லில், ‘ர’வுக்கும் ‘ஜ’வுக்கும் நடுவே ஓர் ஒலி உண்டு. அதை என் வாயில் வரவைக்க அன்று பத்துத் தடவையாவது சொல்ல வைத்தான். வரவில்லை. இன்றும் சரியாக வராது.

ஒரு வருடத்தில் அவன் தடி ஊன்றி நடந்தான். தமிழில் சில சொற்கள் திரும்பின, வாக்கியம் திரும்பவில்லை. ஞாயிறுதோறும் செக்கில்தான் பேசினோம். அப்படி ஒரு நாள், அம்மாவின் சாவைப் பற்றி அவனே எடுத்தான். அம்மா இறந்தபோது அவன் வரவில்லை. லீவு கிடைக்கவில்லை என்று அப்போது சொல்லியிருந்தான். அதற்காக நான் இரண்டு வருடம் அவனோடு பேசாமல் இருந்தவள்.

எனக்குப் புரியவேண்டும் என்று சின்னச் சின்னச் சொல்லாகத் தேடிச் சொன்னான். “லீவு இருந்தது. டிக்கெட் இருந்தது. விமான நிலையத்துக்குப் போனேன். அம்மாவை அப்படிப் பார்க்கப் பயம். உட்கார்ந்திருந்தேன். விமானம் போய்விட்டது.”

இத்தனை வருடம் அக்காவிடம் பொய்யா? தமிழாக இருந்தால் அவனை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன். ஆனால் செக்கில் எனக்குத் திட்டத் தெரியாது. வாயில் வந்தது ஒரே சொல்.

“ரோஸுமீம்,” என்றேன்.

புரிகிறது என்று பொருள். வாக்கியம் விளங்கிவிட்டது என்று ஆசிரியையிடம் வாராவாரம் சொல்கிற சொல். நானும் அந்த அர்த்தத்தில்தான் சொன்னேன். தன் பயத்தை நான் புரிந்துகொண்டதாக அவன் எடுத்துக்கொண்டான். நல்ல கையால் முகத்தை மூடிக்கொண்டு, தோள் குலுங்க அழுதான். அவன் அழுது முடிக்கும் வரை நான் அதைத் திருத்தவில்லை. பிறகும் திருத்தவில்லை.